கொல்லிமலையில் பெயரில்லாத படங்கள்

காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டியதும் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போகும் காட்சி புதிதாக இராது. வளைவுக்கு வளைவு வண்டிகள் ஒதுங்கி நிற்கின்றன. கைபேசியை உயர்த்திப் பிடித்த இளைஞர்கள், சற்றே பெரிய லென்சுகளோடு நடுவயதினர், குடும்பத்தைத் தடுப்புச் சுவரோரம் வரிசையாக நிறுத்தும் தகப்பனார்கள். பள்ளத்தாக்கு, பனிமூட்டம், சாலையோரப் பூ, மறுபடியும் பள்ளத்தாக்கு. சீக்குப்பாறைக் காட்சிமுனையிலும் ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளிலும் இதுவே நடக்கிறது. அன்று இரவுக்குள் அந்தப் படங்கள் எத்தனையோ திரைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கீழே ஒரு வரி: ‘கொல்லிமலையின் எழில்’. அவ்வளவுதான்.

படம் எடுப்பவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. ‘கேமராவைக் கீழே வை, கண்ணால் பார்’ என்ற அறிவுரை இன்று ஒரு சடங்காகிவிட்டது. அதைச் சொல்பவர்களும் மறுநாளே படம் போடுகிறார்கள். பயணம் போகிறவன் கண்டதைக் கொண்டுவர விரும்புவது இயல்பு. பாணனும் பொருநனும் வழியில் கண்டதையெல்லாம் சொல்லித்தானே அடுத்தவனை ஆற்றுப்படுத்தினார்கள்? நாம் சொல்ல வருவது வேறு. இந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. எந்தப் பூ, எந்த மரம், எந்த ஊர், எந்த மாதம் என்ற எதுவும் இல்லை. அழகு மட்டும் இருக்கிறது. இது சிறிய குறையாகத் தோன்றலாம். ஆனால் நம் நிலத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதையே மறைத்துவிடக்கூடிய குறை இது என்பது நம் கருத்து. தமிழ் படித்தவர்களுக்கு இதில் பங்கு கூடுதலாகவே உண்டு.

ஒரு சிறு நிகழ்ச்சி. செம்மேட்டுக்கு அருகில் சாலையோரத்தில் அன்னாசி விற்கும் கடையொன்றில் நாங்கள் நின்றிருந்தபோது, ஒரு வண்டியிலிருந்து இறங்கிய நால்வர் புதர் ஒன்றைச் சூழ்ந்துகொண்டு வெகு நேரம் படமெடுத்தார்கள். மஞ்சளும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்த புதர். கடைக்காரப் பெண்மணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அது உண்ணிங்க சார், ஆடுகூட வாய் வைக்காது, அதைப் போயி எடுக்கறீங்களே” என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அது சிரிப்பதற்குரிய செய்தியாக இல்லை. உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பிறகு வேலி தாண்டிக் காடுகளுக்குள் புகுந்து, புல்லையும் நாட்டுச் செடிகளையும் அமுக்கி வளர்ந்துவிட்டது. அது படர்ந்த இடத்தில் மேய்ச்சல் இல்லை. அந்த நால்வரின் படத்தில் அது ‘மலைப்பூ’. அந்தப் பெண்மணியின் பேச்சில் அது ஓர் ஆக்கிரமிப்பு. ஒரே புதர்தான். பெயர் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அது வேறு வேறு பொருளாகிவிடுகிறது.

குறிஞ்சிப்பாட்டை நினைக்காமல் இந்த இடத்தைக் கடக்க முடிவதில்லை. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் அந்த 261 அடிப் பாட்டில், தலைவியும் தோழியும் அருவியில் ஆடிவிட்டுப் பூப்பறித்துப் பாறையில் குவிக்கும் இடத்தில் 99 மலர்கள் வரிசையாக வருகின்றன. (பறிக்கத்தான் செய்தார்கள், பூவைத் தொடவே கூடாது என்னும் இன்றைய தூய்மைவாதம் கபிலருக்கு இல்லை.) மாணவர்களுக்கு அது மனப்பாடப் பகுதி. தேர்வுக்கு அஞ்சி ஒப்பிப்பார்கள். பலர் அதைக் கபிலரின் சொல்வன்மைக்குச் சான்றாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். நமக்கு அதில் வியப்பாகப் படுவது வேறொன்று. காந்தள், குறிஞ்சி, வேங்கை என்று எவரும் பாடும் பூக்களுக்கு நடுவே அவரையும் பீர்க்கும் இருக்கின்றன. வீட்டுக் கொல்லைப் பந்தலில் படரும் காய்கறிக் கொடிகளின் பூக்கள்! கண்ணைக் கவர்ந்ததை மட்டும் கபிலர் பொறுக்கவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் பெயரிட்டு அழைத்தார். இன்று கொல்லிமலையில் வீட்டோர அவரைப் பந்தலைப் படமெடுக்க யார் வண்டியை நிறுத்துகிறார்கள்?

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இந்தப் பகுதியில் சில மலர்ப்பெயர்கள் ஏட்டில் விடுபட்டுக் கிடந்தன. அவற்றுக்காக மடத்து ஏடுகளைத் தேடிச் சென்றதை அவர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். ஓரிரு பூக்களின் பெயருக்காக ஒரு மனிதர் ஊர் ஊராகப் போயிருக்கிறார். அவர் தேடித் தந்த பெயர்களை வைத்துக்கொண்டு எது எந்தச் செடி என்று ஆராய்ந்தவர்கள் பின்னால் வந்தார்கள். பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்’ அந்த வகையில் தமிழாசிரியர் ஒவ்வொருவரின் கையிலும் இருந்திருக்க வேண்டிய நூல். எத்தனை கைகளில் இருக்கிறது என்று கேட்டால் விடை மகிழ்ச்சி தராது.

கொல்லியைப் பாடியவர்களும் பெயர் சொல்வதில் சலித்தவர்கள் அல்லர். வல்வில் ஓரியின் ஒரே அம்பு பாய்ந்து சென்ற வழியை வன்பரணர் பாடும்போது யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஒவ்வோர் உயிராக நிறுத்திச் சொல்கிறார். ‘பல விலங்குகள்’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பாட்டு நிற்காது.

காந்தளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மாநில மலர். மழைக்காலத்தில் வேலிகளிலும் புதர்களிலும் ஏறிப் பூக்கும். படமெடுப்பவர்களுக்கு மிகப் பிடித்த பூவும்கூட. ஆனால் ஒரே ஒரு படத்தில் காந்தள் அகப்படாது. இதழ் விரியும்போது பசுமை, பிறகு மஞ்சள், அடியில் மஞ்சள் நிற்க நுனியில் சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு என நாள் ஏற ஏற அது நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. பூ தலைகீழாகத் தொங்க, இதழ்கள் மட்டும் மேல்நோக்கி வளைகின்றன. உரைகளில் காந்தளும் தோன்றியும் கோடலும் சில இடங்களில் பிரிந்தும் சில இடங்களில் ஒன்றாகியும் வரும் குழப்பத்தைப் பாடம் நடத்தும் எவரும் அறிவர். ஒரே கொடியை ஒரு வாரம் தொடர்ந்து படமெடுத்து நாள் குறித்து வைக்கும் மாணவன் ஒருவன், அந்தக் குழப்பம் எப்படி நேர்ந்திருக்கக்கூடும் என்பதை நம்மைவிட நன்றாக விளங்கிக்கொள்வான்.

கேமரா பொய் சொல்லாது என்பதும் ஒரு நம்பிக்கைதான். ஃபிலிம் காலத்தில் பூக்களை எடுத்தவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். கண்ணுக்கு நீலமாகத் தெரிந்த சில பூக்கள் கழுவி வந்த படத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் கண் அரிதாகவே உணரும் ஆழ்சிவப்பு ஒளியையும் அப்பூக்கள் திருப்பி அனுப்புகின்றன. அதை ஃபிலிம் பதிந்துகொண்டதால் வந்த வினை அது. இன்றைய கைபேசிகளோ நம்மைக் கேளாமலே புல்லை மேலும் பச்சையாக்கி, வானத்தை மேலும் நீலமாக்கித் தருகின்றன. ஆகவே படத்துக்குப் பக்கத்தில் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. ‘நேரில் இது சற்று வெளிறிய ஊதா’ என்று எழுதி வைத்தால் போதும்.

பூக்களை விடுங்கள். ‘பசுமை’ என்று ஒரு தலைப்பு வைக்கிறார்களே, அதில்தான் உண்மையான இழப்பு இருக்கிறது. கொல்லிமலை வெறுங்காடன்று. மேலே ஏறினால் அகன்ற மேட்டுநிலம். வளவந்தி நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என ‘நாடு’ என்று முடியும் ஊராட்சிகள். மலையாளிப் பழங்குடி மக்களின் வயல்கள், மிளகும் காபியும் பலாவும் வாழையும். வளைவில் நின்று எடுக்கும் பரந்த பச்சைக் காட்சியில் பெரும்பகுதி யாரோ ஒருவர் உழுது நட்டது. அந்தப் பச்சை எது என்று கேட்டால் கதை தொடங்கும். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை விளைந்த நிலங்களில் ஒரு பகுதியை மரவள்ளி எடுத்துக்கொண்டுவிட்டது. கீழே சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொள்கின்றன. கையில் காசு வருகிறது. சாமையை இடித்துப் புடைத்து அரிசியாக்கும் உழைப்போ வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்த உழைப்பு. மரவள்ளிக்கு மாறியவர்களைக் குறை சொல்ல ஊரிலிருந்து வண்டியில் வந்த நமக்கு உரிமை இல்லை. எனினும் மாற்றம் மாற்றம்தான். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட வேண்டியிருந்தது இதனால்தான்.

தினைப்புனம் காத்த தலைவியைப் பாடாத குறிஞ்சித்திணை உண்டா? அந்தத் தினை எந்த நிலத்திலிருந்து எந்த ஆண்டு காணாமற் போனது என்பதற்கு, மலைக்கு வந்து போன ஆயிரமாயிரம் பேர் எடுத்த படங்கள் சாட்சியாக இருந்திருக்கலாம். 20 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எடுத்த படத்தில் ‘சோளக்காட்டுக்கு மேற்கே, புரட்டாசி, சாமை கதிர் விட்டிருக்கிறது’ என்று ஒரு வரி இருந்திருந்தால் அது இன்று ஆவணம். அது இல்லாததால் அதே படம் நாட்காட்டித் தாளாகிவிட்டது. மிளகுக்கொடி படரவும் காபிக்கு நிழல் தரவும் நட்ட சில்வர் ஓக் மரத்தின் கதையும் இதுவே. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. நெட்டையாக, வெள்ளி மினுக்கும் இலைகளோடு மூடுபனியில் நிற்கும்போது படத்துக்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. ‘ஆதிவனம்’ என்ற தலைப்போடு அதைப் பார்க்கும்போது நமக்கு ஏற்படும் உணர்வை என்னவென்று சொல்வது!

‘அழகை ரசிக்கப் பெயர் எதற்கு? பெயர் தெரிந்தால் ரசனை போய்விடும்’ என்று நண்பர்கள் சிலர் வாதிடுவார்கள். இலக்கியம் படித்தவர்களிடமிருந்தே இந்த வாதம் மிகுதியாக வருவதுதான் வேடிக்கை. ஒரு ராகத்தின் பெயர் தெரிந்ததால் அது இனிக்காமல் போனதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. இன்னொன்று. கொல்லிப்பாவை என்று ஒரு படிமம் சங்கப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. தெய்வம் அமைத்த பேரழகுப் பாவை. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் தன் வடிவு கெடாதது என்று நற்றிணை சொல்லும். பார்த்தவரை மயக்கி உயிர் கொள்ளும் என்பது வழிவழி வந்த கதை. மாறாத அழகு என்பதில் அச்சத்துக்குரிய ஏதோ ஒன்று இருப்பதை அந்தக் காலத்து மனம் அறிந்திருக்கிறது. நம் திரைகளில் காலமும் இடமும் உதிர்ந்து என்றும் வாடாமல் நிற்கும் இந்தப் பூக்களும் ஒருவகைப் பாவைகள்தாம். உயிருள்ள பூவுக்குப் பருவம் உண்டு. கோடை முதல் மழை விழுந்த சில நாட்களில் காபிச்செடி வெள்ளையாய்ப் பூத்து, மல்லிகை போல மணத்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர் அதைக் காணமாட்டார். கண்டவர் எந்த நாளில் கண்டார் என்று எழுதி வைத்தால்தான் மற்றவருக்கு அது செய்தி.

செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் தாவரவியலாளர்கள் இதை என்றோ உணர்ந்துவிட்டார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவர நிலையத்தை 1967இல் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளியையும் கொல்லி, பச்சை, சேர்வராயன் உள்ளிட்ட மலைகளையும் அடக்கிய நிலப்பரப்பின் தாவரங்களைப் பெருந்தொகுதிகளாக 1980களில் வெளியிட்டார். அத்தகைய நிலையங்களில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெயர், இடம், உயரம், நாள், எடுத்தவர், பூவின் நிறம். உலர்ந்தபின் நிறம் போய்விடும் என்பதால் நிறத்தைச் சொல்லில் எழுதிவிடுகிறார்கள். சீட்டு இல்லாத செடி எத்தனை அழகாக உலர்ந்திருந்தாலும் அவர்களுக்கு அது குப்பை.

இலக்கியத்தின் பக்கமிருந்தும் ஒருவரைச் சொல்லலாம். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார், தாமே பல உறுப்புகளைச் சேர்த்து அமைத்த கனத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காடுகளில் நடந்தார், கோட்டோவியமும் வரைந்தார். தமிழிலும் எழுதினார். சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பறவையைப் பற்றி நாலு வரி எழுதினாலும் அது எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தது என்பது அதில் இருக்கும். வண்ணமே இல்லாத படங்களால் அவர் காட்டியதில் ஒரு பங்கைக்கூட நம் வண்ணக் குவியல் காட்டவில்லை.

கொல்லியில் பிறக்கும் ஐயாறு காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. அதே வண்டிகள் அடுத்த விடுமுறையில் அங்கேயும் போகின்றன. அங்கேயும் எல்லாரும் அலையையும் சூரியனையும் எடுக்கிறார்கள். காலடியில் மணலைப் பிடித்துக்கொண்டு படர்ந்திருக்கும் அடும்பங்கொடியின் ஊதாப்பூவை மிதித்துக்கொண்டுதான் அந்தப் படம் எடுக்கப்படுகிறது. காலையில் விரிந்து மாலைக்குள் சுருங்கும் பூ அது. நெய்தல் பாடல்களில் தேர்ச்சக்கரம் ஏறி நசுங்கியும் மகளிர் மாலையில் தொடுக்கப்பட்டும் எத்தனை முறை வருகிறது! கபிலரின் குறிஞ்சிப் பட்டியலிலேயே அடும்பும் தாழையும் புன்னையும் உண்டு. மலையைப் பாடவந்தவரின் கண்ணில் கடற்கரையும் இருந்திருக்கிறது. உலகில் ஒளிப்படங்களால் ஆன முதல் நூல் என்று கருதப்படுவதும் கடற்கரைத் தாவரங்களைப் பற்றியதே. இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி 1843இல் கடற்பாசிகளை வேதிப்பூச்சிட்ட தாளில் பரப்பி, வெயிலில் காட்டி, நீலப் பின்னணியில் வெண்ணிழலாகப் பதித்து வெளியிடத் தொடங்கினார். கேமராவே இல்லை. ஒவ்வொரு பாசியின் பெயரும் கையெழுத்தில் இருந்தது. ஆக, ஒளிப்பட நூல் பிறந்தபோதே பெயரோடுதான் பிறந்தது.

நம் இலக்கணமும் அதைத்தான் கேட்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றது தொல்காப்பியம். பூவும் மரமும் அதற்குப் பின்னால் வரும் கருப்பொருள்கள். இன்றைய கைபேசி ஒவ்வொரு படத்துக்குள்ளும் நாளையும் நேரத்தையும், அனுமதித்திருந்தால் இடத்தையும் தானே குறித்து வைக்கிறது. முதற்பொருளை இயந்திரமே பதிந்து தருகிறது! நாமோ அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி அந்தக் குறிப்புகளை உதிர்த்துவிட்டு, ‘எழில்’ என்று எழுதுகிறோம்.

செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. படத்தோடு ஊர்ப்பெயரையும் மாதத்தையும் எழுதலாம். பூவின் பெயர் தெரியாவிட்டால் அருகிலிருப்பவரைக் கேட்கலாம்; அவர் சொல்லும் பெயரை, அகராதியில் இல்லாவிட்டாலும், அவர் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொள்ளலாம். இலக்கியத் தமிழுக்கு அகப்படாத பெயர்கள் அப்படித்தான் கிடைக்கும். வயலில் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவரைக் கேளாமல் படமெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கினால், பேச்சும் கூடவே தொடங்கிவிடும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்தை இட்டால் உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் அடையாளம் சொல்கிறார். அழிவின் விளிம்பிலிருக்கும் செடிகளின் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடுகிறது. அரிய ஆர்க்கிட் ஒன்றைக் கண்டவர் அது எந்தப் பாறையில் என்பதை ஊருக்குச் சொல்லாமலிருப்பதே முறை. அந்த ஓரிடத்தில் மட்டும் பெயரை எழுதி இடத்தை விழுங்கிவிடலாம்.

தமிழ்த்துறைகள் ஆண்டுதோறும் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றன. கொல்லிமலைக்கும் நிறையவே வருகின்றன. ஓரி சிலை முன் குழுப்படம், அறப்பளீசுவரர் கோயில், அருவி, திரும்பும் வழியில் பேருந்தில் பாட்டு. இருக்கட்டும். அத்தோடு குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பகுதியை ஒரு தாளில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுத்து, ‘இதில் எத்தனை பூவை நேரில் பார்த்தாய்? எங்கே, எந்த நாளில், அங்கிருப்பவர்கள் அதை என்ன பெயரால் அழைத்தார்கள்?’ என்று நான்கு பத்தி போட்டு நிரப்பச் சொல்லலாம். அவரையிலிருந்து தொடங்கினால் எளிது. அது எல்லா ஊரிலும் பூக்கிறது.